மொரிஸ் மைனருக்குப் புதுச் சாமான்: திருகோணமலைக் கடற்காற்றில் எது நிற்கும்?

வெளியே பார்த்தால் 1960களின் கார், பொனற்றுக்குள் இன்றைய பாகம். இப்படி மாற்றுவதற்கான சாமான்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. கொஞ்சம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், மிச்சத்தைப் பிரித்தானியாவிலிருந்து தருவிக்கலாம். இந்த மதிப்பீடு மொரிஸ் மைனர் 1000ஐ வைத்து எழுதப்பட்டது. 948 சி.சி., 1098 சி.சி. இரண்டுக்கும் பொருந்தும். அதே ஏ-வரிசை எஞ்சின் உள்ள ஒஸ்ரின் ஏ35, ஏ40 வைத்திருப்பவர்களும் மின்சாரப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பாகம் கண்டியில் நன்றாக ஓடுகிறது என்பது இங்கே திருகோணமலையில் செல்லுபடியாகாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி நிற்கிற காரின் வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். இந்தக் கார்களுக்கு மின்பாகம் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் வயரிங்கில் பித்தளைக் குண்டு முனைகள் இரண்டு ஒரு கறுப்பு ரப்பர் உறைக்குள் சந்திக்கும். உறையைப் பின்னுக்குத் தள்ளினால் பித்தளையின் நிறமே தெரியாது. பச்சைத் தூள் அப்பியிருக்கும், விரலில் ஈரப்பிசுபிசுப்பாக ஒட்டும். புதுப் பாகம் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் பாகம் இல்லை, இந்தப் பச்சைதான். ஆகவே எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு நாள் செலவழித்து எல்லா இணைப்பையும் கழற்றி, நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, பெற்றோலியம் ஜெலி தடவிப் பூட்டுங்கள். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கிற பின்னல் எர்த் வயர் பழசாக இருந்தால் புதிது போடுங்கள். சரிதானா என்று பார்க்க, ஸ்ராட்டர் சுழலும்போது மல்டிமீற்றரின் ஒரு முனையை பற்றறியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் புளொக்கிலும் வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

அடுத்தது துருவம். மைனர் தொழிற்சாலையை விட்டு வரும்போது பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். புதுப் பாகங்களில் அநேகமானவை நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. இக்னிஷன் மொடியூலை (தீப்பொறிக்கான மின்னணுப் பாகம்) பொசிட்டிவ் எர்த் வகையாகவும் வாங்கலாம், ஆனால் அதோடு அடைபட்டுப் போவீர்கள். பிறகு ரேடியோ, யூ.எஸ்.பி. சார்ஜர், சாதாரண ஓல்டனேட்டர் (டைனமோவுக்குப் பதிலாகப் பூட்டும் மின்னாக்கி) எதுவும் பூட்ட முடியாது. மாற்றிவிடுவதே புத்தி, வேலையும் பெரிதில்லை. பற்றறியைக் கழற்றித் திருப்பி வைத்து, நெகட்டிவ் முனையை எர்த்தாக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பற்றறியின் பொசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடத் தடிப்பு. பழைய எர்த் கிளாம்பை மெல்லிய முனையில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். கிளாம்ப் இரண்டையும் புதிதாக வாங்குங்கள். பிறகு தீப்பொறிக்கு உயர் வோல்ட் தருகிற கொயிலின் இரண்டு மெல்லிய வயர்களை இடம் மாற்ற வேண்டும். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுகிற டிஸ்றிபியூட்டருக்குப் போகிற வயர் இனிக் கொயிலின் நெகட்டிவ் முனையில் இருக்கும். எஸ்.யூ. மின் பெற்றோல் பம்ப் பழைய வகையானால் எந்தத் துருவத்திலும் ஓடும். ஆனால் டயோட் வைத்த அல்லது முழுக்க மின்னணு வகைப் பம்ப் துருவம் பார்த்தே ஓடும், மாறினால் எரியும். பம்பின் ஒட்டுத்தாளைப் படிக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள். டைனமோவையே தொடர்ந்து வைத்திருப்பதானால் அதன் காந்தப் புலத்தையும் திருப்ப வேண்டும். டைனமோவின் எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வருகிற வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை கணநேரம் தொட்டு எடுத்தால் போதும்.

மின்னணு இக்னிஷன்

பேர்ட்ரோனிக்ஸ், பவர்ஸ்பார்க், அக்குஸ்பார்க் என்று பல பெயர்களில் வருகிறது. எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றுதான்: கொயிலின் மின்னோட்டத்தை வெட்டி விடுகிற பொயின்ற்றும் அதன் கொண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சிறிய மொடியூல், டிஸ்றிபியூட்டருக்குள் சுழல்கிற ரோட்டர் ஆர்முக்குக் கீழே ஒரு காந்த வளையம். மூடியைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து தெரிவது கொயிலுக்குப் போகிற இரண்டு வயர் மட்டுமே. தோற்றத்தைக் கெடுக்காத மாற்றம் என்றால் இதைவிடச் சுத்தமான ஒன்று கிடையாது.

கடலோரத்தில் இதற்குத் தனி நியாயம் ஒன்று இருக்கிறது. ஓடாமல் நிற்கிற காரில் பொயின்ற் முகங்களில் ஒக்சைட் படியும். மார்கழி மழைக்குக் காரை மூடி வைத்துவிட்டுத் தைப்பொங்கலுக்கு எடுத்தால் ஸ்ராட்டர் சுழலும், தீப்பொறி வராது. பொயின்ற்றைத் தேய்த்து 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளிக்குத் திரும்ப வைத்தால்தான் எழும்பும். மொடியூல் பிசினில் அடைக்கப்பட்டது, தேயும் முகம் எதுவும் அதில் இல்லை. எனவே அந்தத் தொல்லை போய்விடும். ஐட்லிங்கும் சீராகும், வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு அது உதவும்.

பூட்டும்போது பார்க்க வேண்டியவை சில. கார் எந்த டிஸ்றிபியூட்டரோடு ஓடுகிறது என்பதை அதன் உடலில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 1098க்கு வழக்கமாக 25டி4, அதற்கு முந்தியவற்றில் டி.எம்.2 இருக்கும். இரண்டின் மொடியூலும் வேறு. நம் நாட்டில் அறுபது வருடத்தில் யார் எதை மாற்றிப் பூட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கொயிலின் முதன்மைச் சுற்றை அளந்தால் ஏறத்தாழ 3 ஓம் வர வேண்டும். தனி மின்தடையோடு ஓடுகிற பலாஸ்ட் வகையான 1.5 ஓம் கொயில் வேறு ஏதாவது காரிலிருந்து கழற்றிப் பூட்டப்பட்டிருந்தால் மொடியூல் சூடேறிச் சாகும். சிவப்பு வயர் கொயிலின் பொசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. மாறிப் பூட்டினால் பல மொடியூல்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. செம்புக் கம்பி உள்ள பழைய பிளக் வயர் மொடியூலைக் குழப்பும், கார்பன் வயருக்கு மாறுங்கள். டிஸ்றிபியூட்டருக்குள் அடித்தட்டையும் உடலையும் இணைக்கிற மெல்லிய எர்த் வயர் ஒன்று உண்டு. தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளுகிற வெக்கியூம் அட்வான்ஸ் தட்டை அசைக்க அசைக்க அது உள்ளுக்குள்ளே அறுந்து, மேலே துணியுறை மட்டும் முழுசாக நிற்கும். பார்வைக்கு நல்லாக இருக்கிறது என்று விடாமல் அளந்து பாருங்கள்.

எஞ்சின் ஓடாமல் சாவியை ஓன் நிலையில் விட்டுவிட்டு ரேடியோ கேட்பது பொயின்ற் காலத்திலேயே கூடாத பழக்கம். மொடியூல் வந்த பிறகு இன்னும் கூடாது, மலிவு வகைகளில் கொயிலும் மொடியூலும் சேர்ந்து வேகும். பூட்டி முடித்ததும் ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்) நகர்ந்திருக்கும். ஸ்ரோப் லைட் வைத்துத் திரும்பச் சரிபார்க்காமல் ஓட்டினால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். ஃபயரிங் ஓர்டர் 1-3-4-2, ரோட்டர் சுழல்வது இடஞ்சுழியாக. ரோட்டர் ஆர்மைப் பொறுத்தவரை, பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த மலிவு வகை ரிவெட் வழியாக உட்பக்கம் ஷோர்ட் ஆகி நடுவழியில் காரை நிறுத்தும். ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு நிற ஆர்ம் கொஞ்சம் விலை, வாங்கத் தகும்.

டிஸ்றிபியூட்டர் தண்டு பக்கவாட்டில் ஆடினால் மொடியூல் அதைத் திருத்தாது. பொயின்ற் அளவுக்கு அந்த ஆட்டத்தால் கெட்டுப்போகாது என்பது மட்டுமே உண்மை. புஷ் மாற்றிவிட்டுப் பூட்டுங்கள். மொடியூல் செத்தால் வீதியோரத்தில் திருத்த முடியாது என்பதால், கழற்றிய பொயின்ற் தட்டையும் கொண்டென்சரையும் ஒரு பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருக்க வேண்டும். ஹபரணைப் பாதையில் இழுவை வண்டி கிடைப்பது லேசில்லை.

ஓல்டனேட்டர்

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் இதற்குக் கொடுங்கள். லூக்காஸ் சி40 டைனமோ ஓடும் வேகத்தில் உச்சமாக 22 அம்பியர் தரும், ஐட்லிங்கில் ஒன்றும் தராது. கணக்கைப் பாருங்கள்: எச்4 ஹலோஜன் ஹெட்லைட் இரண்டுக்கும் 10 அம்பியர், பின் விளக்கு, டாஷ் விளக்கு 2, இக்னிஷன் 4, வைப்பர் 3, பம்ப் 1 அல்லது 2. இருபதைத் தொட்டாயிற்று. மின் விசிறி ஒன்றையும் சேர்த்தால் இன்னும் 8 வேண்டும். மழை இரவில் உள்துறைமுக வீதியில் ஊர்ந்து போனால் பற்றறிதான் எல்லாவற்றையும் சுமக்கும்.

வழி இரண்டு. ஒன்று, சி40இன் உருளைக் கூட்டுக்குள் அடக்கிச் செய்த ஓல்டனேட்டர். அதே பிராக்கெற், அதே கப்பி, பக்கத்தில் நின்று பார்த்தாலும் டைனமோ என்றே நினைப்பார்கள். 40 அம்பியருக்கு மேல் தருபவை உண்டு. கூடு அலுமினியம் என்பதால் கறுப்புப் பெயின்ற் உரிந்த இடத்தில் கடற்காற்று வெள்ளைத் தூள் கிளப்பும். பூட்டும் முன்பே போல்ட் துளையைச் சுற்றி இன்னொரு பூச்சுக் கொடுங்கள். அடைந்த கூடு என்பதால் சூடும் கூட. இங்கத்தைய ஆடி வெயிலில் முழுச் சுமையை நெடுநேரம் கேட்காமல் இருப்பது நல்லது. விலை சாதாரண ஓல்டனேட்டரைவிடப் பல மடங்கு.

மற்றது, லூக்காஸ் 16ஏ.சி.ஆர். போன்ற பழைய ஓல்டனேட்டரோ ரீகண்டிஷன் யப்பான் ஓல்டனேட்டரோ. மலிவு, எந்த ஊரிலும் திருத்தலாம். தோற்றம் கெடும், ஆனால் பொனற்றைத் திறந்தால்தான் தெரியும். யப்பான் வகையில் பெல்ட் கப்பி பல வரி உள்ளதாக இருக்கும். அதைக் கழற்றி வி-பெல்ட் கப்பி போட வேண்டும். நீளம் டைனமோவைவிடக் குறைவு என்பதால் பிராக்கெற்றில் வோஷர் அடுக்கி முன்பின் நகர்த்தி, கிராங்க் கப்பி, தண்ணிப் பம்ப் கப்பி, ஓல்டனேட்டர் கப்பி மூன்றையும் ஒரு நேர் விளிம்பால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு மி.மீ. விலகினாலும் பெல்ட் கீச்சிடும், பிராக்கெற்றில் கறுத்த ரப்பர் தூள் சேரும். பெல்ட்டின் நீண்ட பக்கத்தை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 13 மி.மீ. தாழ்ந்தால் சரி.

வயரிங்தான் தோற்றம் காக்கும் இடம். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் (பல்க்ஹெட்) டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற லூக்காஸ் பெட்டியைக் கழற்ற வேண்டாம். உள்ளே இருப்பதைச் செயலிழக்கச் செய்துவிட்டு வெறும் சந்திப் பெட்டியாக வைத்திருங்கள். அதில் ஏ, ஏ1 முனைகளின் வயர்களை ஒன்றாக இணைக்க வேண்டும். டி முனைக்கு வந்த எச்சரிக்கை விளக்கு வயரை, டைனமோவின் எஃப் முனைக்குப் போகிற மெல்லிய வயரோடு சேர்த்தால் அது ஓல்டனேட்டரின் விளக்கு முனைக்குப் போகும். டைனமோவுக்குப் போகும் பழைய தடித்த வயரையே ஏயோடு சேர்த்துப் பாவிக்கலாம் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். அந்த வயர் 22 அம்பியருக்குப் போட்டது, அறுபது வருடப் பழசு. ஓல்டனேட்டரிலிருந்து ஸ்ராட்டர் சொலினோய்ட்டின் பற்றறிப் பக்கத்துக்கு 6 சதுர மி.மீ. புது வயர் ஒன்றைத் தனியே இழுத்து, பழைய வயரின் இரு முனையையும் சுற்றிக் காப்பிடுங்கள். ஓடும்போது பற்றறியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் வேலை முடிந்தது.

டாஷில் உள்ள சிவப்பு இக்னிஷன் எச்சரிக்கை விளக்குக்கு எல்.ஈ.டி. போடவே கூடாது. அந்தச் சிறிய பல்பின் வழியாகப் போகிற மின்னோட்டம்தான் ஓல்டனேட்டரைக் கிளப்பி விடுகிறது. எல்.ஈ.டி. போட்டால் போதிய மின்னோட்டம் போகாது, ஓல்டனேட்டர் சும்மா சுழலும். நல்ல ஓல்டனேட்டரைப் பழுதென்று கழற்ற வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு பல்புதான்.

ஹெட்லைட்

கந்தளாய் தாண்டி அக்போபுர, கல்ஓயாச் சந்தி, ஹபரணை வரை ஏ6 வீதியில் இரவில் யானை குறுக்கிடும். சாம்பல் நிறத் தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, கண்ணுக்குத் தெரியும்போது பக்கத்தில் நிற்கும். மைனரின் பழைய பல்பு மஞ்சள் புள்ளியாக எரிவதற்குப் பாதிக் காரணம் பல்பு இல்லை. மின்சாரம் டாஷ் சுவிச்சுக்கும் தரையிலிருக்கும் டிப் சுவிச்சுக்கும் சுற்றிப்போய் வருகிறது. பல்பின் முனையில் அளந்தால் பற்றறியைவிட ஒன்றரை வோல்ட் குறைவாகக் காட்டுவது சாதாரணம்.

ஆகவே முதலில் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கிற சுவிச். ஹைபீமுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று, இரண்டும் 30 அம்பியர் வகை, ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ். பழைய சுவிச் வயர் ரிலேயின் 86இல், எர்த் 85இல், பற்றறியிலிருந்து வரும் 4 சதுர மி.மீ. வயர் 30இல், பல்புக்கு 87. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில், வயர் முனைகள் கீழ்நோக்க, தலைகீழாகப் பூட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது. ரிலே போட்ட பிறகு அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் எர்த்தைத் தேடுங்கள்.

பிறகு 7 அங்குல எச்4 ஹெட்லைட், 60/55 வாட் ஹலோஜன். கண்ணாடி லென்ஸ் உள்ளதையே எடுங்கள், பிளாஸ்டிக் லென்ஸ் மங்கும், பழைய காரில் பார்க்கவும் பொம்மை போல் இருக்கும். நாம் ஓடுவது வீதியின் இடப்பக்கம் என்பதால், சுவரில் அடித்துப் பார்க்கும்போது டிப் வெளிச்சம் இடப்பக்கம் மேலேற வேண்டும். இணையத்தில் மலிவாக வருபவற்றில் வலப்பக்க நாடுகளுக்கானவை கலந்திருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் குத்திவிட்டு நம் பக்கத்தை இருட்டாக விடும். குரோம் வளையத்துக்குப் பதிலாக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் வளையம் கிடைக்கிறது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. குரோம் போட்டது நிலாவெளிக் காற்றில் விளிம்பிலிருந்து கறள் எடுத்து உரியும்.

எச்4 வடிவ எல்.ஈ.டி. பல்பு வேண்டாம். ஹலோஜன் இழை நிற்கிற அதே புள்ளியில் எல்.ஈ.டி. சில்லு நிற்காது, பிரதிபலிப்பான் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நீலம் கலந்த வெள்ளை, நனைந்த தாரில் கண்ணாடி மாதிரித் திரும்பி வரும். பின் விளக்குக்கு எல்.ஈ.டி. நல்லது, ஆனால் சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்.ஈ.டி.யே போட வேண்டும், வெள்ளை போட்டால் வெளிறும். சிக்னலுக்குப் போட்டால் பழைய ஃபிளாஷர் சிமிட்டாது, மின்னணு ஃபிளாஷர் ஒன்று தேவை. 1961க்கு முந்திய கை தூக்கும் சிக்னல் உள்ள காரானால் அந்தக் கைகளை எடுக்க வேண்டாம், கீழே சிறிய சிமிட்டும் விளக்கு மட்டும் சேர்த்தால் போதும்.

டிஸ்க் பிறேக்

948இன் முன் டிரம் 7 அங்குலம், 1098இன் டிரம் 8 அங்குலம். உவர்மலையிலிருந்து இறங்குவதற்கு 8 அங்குல டிரம் தாராளம், நல்ல லைனிங் இருந்தால். 948 வைத்திருப்பவர் 1098இன் முன் டிரம்மை மாற்றிப் பூட்டுவதே மலிவான மேம்பாடு. நீண்ட ஓட்டம் ஓடுபவருக்கும், பெரிய எஞ்சின் போட்டவருக்கும்தான் டிஸ்க் தேவை. அசல் 14 அங்குல ரிம்முக்குள் கலிப்பர் (பாட்டால் டிஸ்க்கை நெரிக்கிற பாகம்) அடங்குகிற கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ரிம்மையே மாற்ற நேரும், அத்தோடு காரின் முகம் போய்விடும். பெடலை மிதித்ததும் பிறேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் டிரம்முக்குச் செய்ததானால், அதன் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு உண்டு. அதை விட்டுவிட்டு டிஸ்க் போட்டால் பாட் உரசிக்கொண்டே இருக்கும், சில் சூடேறும். அந்தச் சிலிண்டர் தரைக்குக் கீழே செசிக்குள் படுத்திருப்பதால் தரையிலுள்ள மூடி வழியாக ஒயில் மட்டம் பார்க்க யாருக்கும் மனம் வராது. டொட் 4 ஈரத்தை உறிஞ்சும் பிறேக் ஒயில், இங்கே இரண்டு வருடத்துக்கு மேல் விட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் முன்சில்லைத் தூக்கி, சில்லைத் தாங்கித் திரும்ப விடுகிற திருகு மூட்டான ட்ரனியனைப் பாருங்கள். கிறீஸ் காணாத திருகு தேய்ந்து ஒரு நாள் கழன்றால் முன்சில் மடிந்து விழும், டிஸ்க் பிறேக் அங்கே ஒன்றும் செய்யாது. 1,000 மைலுக்கு ஒருமுறை, ஜாக்கியில் தூக்கிய நிலையில், கிறீஸ் அடிக்க வேண்டும். தரையில் நிற்கும்போது அடித்தால் சுமை தாங்குகிற பக்கத்துக்கு கிறீஸ் போகாது.

மின் விசிறி வாங்க அவசரம் வேண்டாம். ரேடியேற்றர் உட்புறம் சுத்தமாக இருந்து, சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கூலன்ற் ஊற்றினால் பெல்ட் விசிறியே இந்த ஊருக்குக் காணும். போடுவதானால் ஓல்டனேட்டருக்குப் பிறகு மட்டுமே.

டட்சன் சனியின் 1,171 சி.சி. ஏ12 எஞ்சினை மைனரில் இறக்குவது நம் நாட்டில் பழகிய வேலை. ஓட்டத்துக்கு நல்லது, பாகமும் கிடைக்கும். ஆனால் அசல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், ஒயில் ஊற்றிக் கட்டி வையுங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழையும் மாற்ற வேண்டும். வாங்க வருபவர் பொனற்றைத் திறந்து இலக்கத்தைச் சான்றிதழோடு ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் விலை பேசுவதற்கு முன்னமே எழும்பிப் போய்விடுவார்.